மொட்டைமாடி டேங்குக்கு ரிமோட் வால்வு: எதைப் போட்டேன், எதையெல்லாம் ஒதுக்கினேன்

வீட்டில் கசிந்தால் தானாகவோ தூரத்திலிருந்தோ தண்ணீரை மூட ஒரு வால்வு போடுவதென்றால், ஓவர்ஹெட் டேங்க்கிலிருந்து தண்ணீர் இறங்கும் வீட்டில் மெயின் வால்வு எது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். திருச்சியில் இருக்கும் எங்கள் வீட்டில் தெருக்குழாய் இணைப்பு சம்போடு நின்றுவிடுகிறது. அதை மூடினாலும் வீட்டுக்குள் குழாயில் வரும் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் குறையாது. மோட்டாரிலிருந்து டேங்குக்கு ஏறும் லைனில் வால்வு வைப்பது ஆபத்து. அது மூடியிருக்கும்போது மோட்டார் ஓடினால் தண்ணீர் போக வழியில்லாமல் பம்ப் சூடாகிவிடும். ஆகவே டேங்கின் அடியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் அவுட்லெட் லைன்தான் நமக்கு மெயின். மூட வேண்டியது அதைத்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அப்பாவும் அம்மாவும் சென்னையில் என்னோடு இருந்த சமயம், பூட்டிக் கிடந்த வீட்டில் சமையலறை சிங்க்குக்கு அடியில் கனெக்‌ஷன் பைப்பின் பிளாஸ்டிக் நட் விரிசல் விட்டது. டேங்க்கில் இருந்த 1000 லிட்டரோடு விஷயம் முடியவில்லை. டேங்க் இறங்கியதும் லெவல் கன்ட்ரோலர் மோட்டாரைப் போட்டு சம்புத் தண்ணீரை மேலே ஏற்றியிருக்கிறது. அதுவும் சிங்க் வழியாகவே தரைக்கு வந்தது. வாசல்படியில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்து பக்கத்து வீட்டு அக்கா போன் செய்யும்வரை யாருக்கும் தெரியாது. அவுட்லெட் மட்டும் மூடியிருந்தால் டேங்க் நிரம்பி, மோட்டார் தானே நின்றிருக்கும். ஒரே ஒரு இடத்தை மூடினால் இரண்டும் நிற்கும்.

சரி, வால்வு எந்த வகை? எங்கள் பிளம்பர் அண்ணன் சட்டென்று சொன்னது சோலனாய்டு. "ஆர்.ஓ. மெஷின்ல அதுதானே தம்பி இருக்கு, கரண்ட் குடுத்தா திறக்கும், எடுத்தா மூடும், வேலை முடிஞ்சுது" என்றார். விலையும் குறைவு, கடையில் உடனே கிடைக்கும். ஆனால் டேங்குக்குப் பக்கத்தில் அது சரிவராது.

சந்தையில் அதிகம் கிடைக்கும் 1 இன்ச், 1¼ இன்ச் சோலனாய்டுகள் பைலட் வகை. உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். காயில் (கரண்ட் கொடுத்தால் காந்தமாகும் கம்பிச்சுருள்) தூக்குவது நடுவில் உள்ள சின்னத் துளையின் மூடியைத்தான். டயாஃப்ரத்தைத் தூக்குவது தண்ணீரின் அழுத்தமே. அதற்கு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையே குறைந்தபட்ச அழுத்த வித்தியாசம் வேண்டும். பல மாடல்களில் 0.3 அல்லது 0.5 பார் என்று போட்டிருக்கும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட 1 பார். டேங்க் அவுட்லெட்டில் வால்வுக்கு மேலே இருப்பதோ டேங்கின் உயரம் மட்டும்தான், சுமார் 1 மீட்டர். அதாவது 0.1 பார். டேங்க் பாதியானால் அதிலும் பாதி. ஆர்.ஓ. மெஷினில் தண்ணீரை நகர்த்த உள்ளேயே பூஸ்டர் பம்ப் இருக்கிறது. இங்கே நகர்த்த யாரும் இல்லை. மேல் மாடியில் வாஷிங் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. குழாயில் தண்ணீர் நன்றாக வரும், மெஷினுக்குள் மட்டும் சொட்டுச் சொட்டாக இறங்கும், கடைசியில் எரர் காட்டும். அங்கேயும் வாசலில் நிற்பது ஒரு சோலனாய்டுதான்.

அழுத்த வித்தியாசம் பூஜ்யமானாலும் திறக்கும் டைரக்ட் ஆக்டிங் வகையும் உண்டு. பெரிய சைஸில் அதற்குப் பெரிய காயில் வேண்டும். வழக்கமான நார்மலி குளோஸ்டு சோலனாய்டு திறந்திருக்கும் நேரமெல்லாம் மின்சாரம் இழுக்கும். 15 வாட் காயில் என்று வைத்தாலே மாதத்துக்கு 10 யூனிட்டுக்கு மேல் போகும். கரண்ட் போனால் தண்ணீரும் போகும். கரண்ட் கொடுத்தால் மூடும் நார்மலி ஓப்பன் வாங்கினால், ஊரில் இல்லாத நாட்களில் மூடி வைப்பதற்காகக் காயில் இரவும் பகலும் சூடாகிக்கொண்டே இருக்கும். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து பார்த்தது, இருக்கிற வால்வின் கைப்பிடியைத் திருப்பிவிடும் மோட்டார். குழாயை வெட்ட வேண்டாம். கிளாம்ப் போட்டு மாட்டி, லீவரின் மேல் ஒரு கொக்கியை உட்கார வைத்தால் போதும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் உள்ளே துளையிட்ட உருண்டை இருக்கும், கால் சுற்றில் மூடும் லீவர் வைத்த பால் வால்வுக்குத்தான் இது பொருந்தும். எங்கள் டேங்கில் இருந்தது சக்கரம் வைத்த பித்தளை கேட் வால்வு, பல சுற்று சுற்ற வேண்டும். சரி, பால் வால்வாக மாற்றிவிட்டு இதை மாட்டலாமே என்றால், இன்னொரு கவலை இருந்தது. எங்களுக்குப் போர் தண்ணீரும் கலந்து வருகிறது. கெட்டியான உப்புத் தண்ணீர். ஒரு வருடம் திருப்பாமல் விட்ட பால் வால்வு எவ்வளவு இறுகியிருக்கும்?

அதை அளந்தே பார்த்தேன். பின்கட்டில் துணி துவைக்கும் இடத்தில் ஒரு பழைய பித்தளை பால் வால்வு இருக்கிறது. அதன் லீவர் நுனியில், பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை மாட்டி, லீவருக்குச் செங்குத்தாக மெதுவாக இழுத்தேன். தராசு 3, 4, 5 என்று ஏறியது, வால்வு அசையவில்லை. 6 கிலோவைத் தொட்டபோது 'கடக்' என்று விட்டது. அதன்பின் 2 கிலோவுக்கே நகர்ந்தது. லீவரின் நீளம் 10 சென்டிமீட்டர். கிலோவை 9.8ஆல் பெருக்கி, மீட்டரில் நீளத்தால் பெருக்கினால் முறுக்குவிசை. அசைய ஆரம்பிக்கும்போது ஏறத்தாழ 6 நியூட்டன் மீட்டர். சின்ன மோட்டார் வால்வுகளில் 2 நியூட்டன் மீட்டர் என்று போட்டதைப் பார்த்திருந்தேன். புது வால்வுக்கு அது போதும்; இறுகிப்போன வால்வுக்குப் போதாது. அதிலும் கைப்பிடி மோட்டாரின் கிளாம்ப் பிடித்திருப்பது பிளாஸ்டிக் குழாயை. விசை அதிகமானால் வால்வு திரும்புவதற்குப் பதிலாகக் குழாய் முறுகும். இந்தத் தராசுச் சோதனையை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம். வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டிய முதல் வேலை இது என்பேன்.

கடைசியில் எடுத்தது வால்வும் மோட்டாரும் ஒரே உடம்பாக வரும் மோட்டரைஸ்டு பால் வால்வு. 12 வோல்ட், பித்தளை உடம்பு, 10 நியூட்டன் மீட்டர், மூட ஏறத்தாழ 10 நொடி. தண்ணீரின் அழுத்தத்தை இது எதிர்பார்ப்பதில்லை. டேங்கில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் திறக்கும். திரும்பும் நேரத்தில் மட்டும் மின்சாரம் எடுக்கும். வாங்கும்போது துளையைப் பாருங்கள். 1¼ இன்ச் என்று வெளியே போட்டிருந்தும் உள்ளே உருண்டையின் துளை முக்கால் இன்ச்சாக இருக்கும் ரகங்கள் உண்டு. அழுத்தம் நிறைந்த லைனில் அது தெரியாது. டேங்க் தண்ணீர் தானாக இறங்கும் வீட்டில், மேல் மாடி ஷவரில் உடனே தெரியும். ஃபுல் போர், அதாவது துளை குழாய் அளவுக்கே இருப்பது, என்று கேட்டு, கையில் வாங்கி, திறந்த நிலையில் உள்ளே பார்த்து வாங்கினேன்.

இதிலும் இரண்டு ஜாதி. கரண்ட் போனால் தானாக மூடிக்கொள்வது ஒன்று; இருந்த இடத்திலேயே நிற்பது இன்னொன்று. முதல் வகைதான் பாதுகாப்பு என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. "நான் குளிச்சிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனா என்னடா பண்றது?" அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. நிற்பதையே வாங்கினேன். மேலே ஒரு குமிழ் இருக்கிறது. அழுத்தித் திருப்பினால் கையாலேயே திறந்து மூடலாம். அந்தக் குமிழ் இல்லாத மோட்டார் வால்வை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு நான் போட மாட்டேன்.

ஒயர் எண்ணிக்கையும் முக்கியம். மூன்று ஒயர் வகையில் திறக்க ஒன்று, மூட ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. முனைக்குப் போனதும் உள்ளே இருக்கும் லிமிட் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். ஐந்து ஒயர் வகையில் கூடுதலாக இரண்டு ஒயர்கள், வால்வு உண்மையிலேயே எந்த நிலையில் இருக்கிறது என்று திருப்பிச் சொல்லும். நான் ஐந்து ஒயர்தான் வேண்டும் என்று காத்திருந்து வாங்கினேன். திருப்பிச் சொல்லும் ஒயர் இல்லாத வால்வில், போனில் 'மூடியது' என்று வருவதற்கு 'மூடச் சொல்லி அனுப்பினேன்' என்பது மட்டும்தான் பொருள். கியர் உடைந்திருந்தாலும், ஒயர் அறுந்திருந்தாலும், அதே பச்சை அடையாளம்தான் வரும். 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த அடையாளத்தை நம்பித் தூங்க முடியாது.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் அங்கிருந்து ஒரு செட் வாங்கி வருகிறேன் என்றார். நன்றி சொல்லி வேண்டாம் என்றேன். காரணம் இரண்டு. அவர் பார்த்தது இசட்-வேவ் என்ற ரேடியோ முறையில் பேசும் வகை, அமெரிக்காவுக்கு 908.42 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவுக்கு 865.2. இரண்டும் பேசிக்கொள்ளாது. அடுத்தது மரை. அங்கே என்பிடி என்ற மரைத் தரம், இங்கே பிஎஸ்பி. அரை இன்ச்சிலும் முக்கால் இன்ச்சிலும் இரண்டுக்கும் இன்ச்சுக்கு 14 மரை என்பதால் ஏறிவிடும், ஆனால் மரையின் கோணம் 60 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் வித்தியாசப்படுவதால் கசியும். 1 இன்ச்சும் அதற்கு மேலும் 11.5க்கு 11 என்று எண்ணிக்கையே மாறிவிடுவதால் நாலு சுற்றில் இறுகி நின்றுவிடும். வெளிநாட்டுச் சரக்கை ஆசையாக வாங்கி வைத்திருப்பவர்கள் மாட்டும் முன் மரையைப் பார்த்துவிடுவது நல்லது.

இனி மாட்டிய கதை. டேங்கை முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம். பழைய கேட் வால்வை எடுத்து, அந்த இடத்தில் முதலில் கையால் மூடும் சாதா பால் வால்வு, அடுத்து ஒரு யூனியன் (குழாயை வெட்டாமல் கழற்றி மாட்டும் இணைப்பு), மோட்டார் வால்வு, மறுபடி யூனியன். நாளைக்கு மோட்டார் போனால் கை வால்வை மூடி, இரண்டு யூனியனையும் கழற்றி, அரை மணியில் மாற்றிவிடலாம். வால்வைச் சுற்றிக்கொண்டு போகும் பைபாஸ் லைன் ஒன்று போடச் சொல்லி பிளம்பர் அண்ணன் வற்புறுத்தினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பைபாஸை யாராவது ஒருமுறை திறந்துவிட்டு மறந்தால் மொத்த ஏற்பாடும் வீண், அதுவும் யாருக்கும் தெரியாமலே. குமிழ் இருக்கிறது, போதும்.

பித்தளை வால்வின் மரை பெண் மரை. அதற்குள் யுபிவிசி பிளாஸ்டிக்கில் ஆண் மரை வைத்த எம்டிஏ இணைப்பு ஏறுகிறது. இதைத் தலைகீழாக, பித்தளை ஆண் மரையை, பெண் மரை வைத்த பிளாஸ்டிக் எஃப்டிஏவுக்குள் ஏற்றி முறுக்கினால், இன்று இல்லாவிட்டாலும் வெயிலில் விரிந்து சுருங்கி ஒருநாள் பிளந்துகொள்ளும். டெஃப்லான் டேப் சுற்றி, கை இறுக்கத்துக்கு மேல் ஸ்பேனரில் ஒரு சுற்றுக்குள் நிறுத்தச் சொன்னேன். மோட்டாரோடு சேர்த்து வால்வு நல்ல கனம், அதைப் பிளாஸ்டிக் குழாயில் தொங்கவிடக் கூடாது. சுவரில் ஆங்கிள் அடித்து வால்வின் உடம்பையே தாங்க வைத்தோம். மோட்டார் தலை மேல்நோக்கி. கீழ்நோக்கி வைத்தால் மரையில் கசியும் முதல் சொட்டு மோட்டாருக்குள்தான் போகும். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி 67 என்று போட்டிருந்தாலும் திருச்சி சித்திரை வெயிலை அந்தப் பிளாஸ்டிக் மூடி எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்ல முடியாது. அகலக் குழாய்த்துண்டு ஒன்றை நீளவாக்கில் பிளந்து கூரையாகக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஏர் வென்ட், அதாவது லைனுக்குள் காற்று போக வைத்த குழாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது வால்வுக்குப் பிறகு, வீட்டுப் பக்கம் இருக்க வேண்டும். டேங்கின் உச்சித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே அதன் வாய் போக வேண்டும். எங்கள் வீட்டில் டேங்குக்கும் வால்வுக்கும் நடுவில் இருந்தது. அப்படியே விட்டிருந்தால், வால்வு மூடியபின் கீழே யாராவது குழாயைத் திறந்ததும் லைனுக்குள் வெற்றிடம் உண்டாகி, கீசரிலிருந்தும் தண்ணீரை இழுக்கப் பார்க்கும். கீசரின் குளிர்நீர் வாயில், தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். அது இல்லாமல் கீசர் காலியாகி, யாராவது சுவிட்சைப் போட்டால் ஹீட்டர் காயில் வெறுமனே காயும். வென்ட்டை இடம் மாற்றியதில் இன்னொரு நன்மை, மறுபடி திறக்கும்போது குழாய்கள் துப்பித் துப்பி வருவதும் குறைந்தது.

கன்ட்ரோல் பகுதியை மாடியில் வைக்கவில்லை. இரண்டு கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை அங்கே தடுமாறுகிறது. படிக்கட்டின் உள்சுவரில் ஒரு பெட்டியில் இஎஸ்பி 32 என்ற சின்ன வைஃபை கன்ட்ரோல் போர்டும், அது சொன்னபடி வால்வுக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு ரிலேயும், அங்கிருந்து 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் 25 மீட்டர் ஓடி வால்வுக்குப் போகிறது. மோட்டார் அரை ஆம்பியர் இழுத்தால் வழியில் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் இழப்பு, 12 வோல்ட்டில் அது பெரிதில்லை. மின்சாரம் இன்வெர்ட்டர் லைனிலிருந்து. திறக்கும் ரிலேயும் மூடும் ரிலேயும் ஒரே நேரத்தில் விழாதபடி இன்டர்லாக் கட்டாயம். போர்டில் ஓடும் இஎஸ்பிஹோம் மென்பொருளில் அதற்கு நேரடியாகவே வசதி இருக்கிறது. வீட்டிலேயே இருக்கும் சின்ன கம்ப்யூட்டரில், சென்சாரையும் வால்வையும் இணைக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடுகிறது. நெட் இல்லாவிட்டாலும் சென்சார் சொல்வதைக் கேட்டு வால்வு மூட வேண்டும். வெளியூர் சர்வரைக் கேட்டுவிட்டு மூடும் பெட்டி எனக்கு வேண்டாம்.

கசிவு சென்சார்களை சிங்க் அடியிலும், ஆர்.ஓ. மெஷின் கீழேயும், வாஷிங் மெஷின் பக்கத்திலும் வைத்திருக்கிறேன். பாத்ரூமில் வைக்கவில்லை, நம் பாத்ரூம் தரை தினமும் நனைகிற தரை, வெறும் தொல்லைதான் மிஞ்சும். சென்சார் அரை நிமிடம் தொடர்ந்து நனைந்திருந்தால் வால்வு மூடும், பஸ்ஸர் அடிக்கும், எனக்கும் அப்பாவுக்கும் செய்தி வரும். இதில் ஒரு விதி வைத்திருக்கிறேன்: மூடுவது தானாக நடக்கலாம், திறப்பது வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும். வால்வு மூடியிருந்த நேரத்திலோ டேங்க் காலியான நேரத்திலோ யாராவது குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, தண்ணீர் வராததால் அப்படியே விட்டுப் போயிருக்கலாம். சென்னையிலிருந்து நான் திறந்துவிட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் திறக்கும் சுவிட்ச் ஹால் சுவரில்தான் இருக்கிறது, சாதாரண சுவிட்ச். பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும், வால்வின் நிலையைத் திருப்பிச் சொல்லும் அந்த இரண்டு ஒயரிலிருந்து நேரே வருபவை. அம்மா போனைத் தொட வேண்டியதே இல்லை.

சோதித்துப் பார்த்தபோது நான் மிகவும் கவனித்தது பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை. மூடச் சொல்லிவிட்டு ஐந்தாவது நொடியில் பிளக்கைப் பிடுங்கினேன். உருண்டை குறுக்கே நின்றது, தண்ணீர் பாதியாக வந்தது, இரண்டு விளக்கும் அணைந்தே இருந்தன. மறுபடி கொடுத்ததும் போர்டு விழித்து, எந்த முனையிலும் இல்லை என்று பார்த்து, தானாக முழுக்க மூடி, செய்தி அனுப்பியது. அன்று இரவு வால்வை மூடி, மோட்டாரை அணைத்து, டேங்கின் உள்ளே தண்ணீர் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டினேன். காலையில் மட்டம் டேப்பிலேயே நின்றது. மரைகளைச் சுற்றி வைத்த டிஷ்யூ பேப்பரும் காய்ந்திருந்தது.

உப்புத் தண்ணீருக்காக, வாரத்துக்கு ஒருமுறை அதிகாலை 3 மணிக்கு வால்வு ஒருதரம் மூடித் திறக்கும்படி வைத்திருக்கிறேன், அப்பா அம்மா வீட்டில் இருக்கும் வாரங்களில் மட்டும். எடுத்துக்கொள்ளும் நொடிகளையும் போர்டு குறித்துவைக்கிறது. அந்த நேரம் கூடிக்கொண்டே போனால் உருண்டை இறுக ஆரம்பித்திருக்கிறது என்று தெரியும்.

மிச்சம் இருப்பது சோலார் ஹீட்டர். அதன் குளிர்நீர் லைன் டேங்க்கிலிருந்து தனியாகப் போகிறது, வேண்டுமென்றே அதைத் தொடவில்லை. கண்ணாடிக் குழாய் வகை ஹீட்டருக்குத் தண்ணீரை நிறுத்தி, வெறுமனே காய்ந்த குழாய்க்குள் பின்னர் பச்சைத் தண்ணீர் பாய்ந்தால் கண்ணாடி வெடிக்கும். ஆனால் வெந்நீர் லைனில் கசிந்தால் இந்த வால்வால் பயனில்லை. அதற்கு ஹீட்டரின் வெந்நீர் வாயில் இன்னொரு மோட்டார் வால்வு போட வேண்டும். யுபிவிசி அங்கே கூடாது, 60 டிகிரிக்கு மேல் அது தளர்ந்துவிடும். 82 டிகிரி வரை அழுத்தம் தாங்கும் சிபிவிசிதான் வேண்டும். வால்வின் சீல் எத்தனை டிகிரி தாங்கும் என்பதையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அதுவரை ஊருக்குக் கிளம்பும்போது வெந்நீர் வாயில் உள்ள கை வால்வை அப்பா மூடிவிட்டு வருகிறார்.